காலி மரை சொல்லும் கணக்கு

முன்சக்கரத்துக்கு டயர் மாற்றி மூன்று நாள் ஆகியிருந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தேன். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் முன் ஃபோர்க்கோடு இரண்டு போல்ட்டுகளால் சேர்ந்திருக்க வேண்டும். கீழே ஒன்று இருந்தது. மேலே இருக்க வேண்டியதைக் காணோம். அந்த இடத்தில் அலுமினிய மரை பளிச்சென்று மின்னும் ஒரு ஓட்டை மட்டும். சக்கரத்தைக் கழற்றுவதற்காகக் காலிப்பரை எடுத்தவர், திரும்பப் போடும்போது மேல் போல்ட்டைக் கையால் திருகிவிட்டு ஸ்பேனர் வைக்க மறந்திருக்கிறார். அது ஊர் சுற்றும் சாலையில் எங்கோ விழுந்துவிட்டது.

வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒரு மெக்கானிக் பட்டறைக்குப் போனேன். எல்லாப் பட்டறையிலும் இருப்பதுபோல் அங்கேயும் பழைய பெயின்ட் டப்பா நிறைய கலப்பு போல்ட்டுகள். உதவிக்கு இருந்த பையன் துழாவி ஒன்றை எடுத்தான். ஓட்டையில் வைத்துத் திருகினான். இரண்டு சுற்று போயிற்று, பிறகு இறுகியது. ஸ்பேனரை எடுத்தான்.

"டேய், நிறுத்து" என்றார் பட்டறைக்காரர். "ரெண்டு சுத்து போச்சுன்னா அளவு சரின்னு ஆயிடுமா? வெர்னியரைக் கொண்டா."

டப்பாவிலிருந்து வந்த போல்ட்டின் விட்டம் 7.9 மி.மீ. கீழே எஞ்சியிருந்த நல்ல போல்ட்டைக் கழற்றி அளந்தார். அதுவும் ஏறத்தாழ அதேதான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்றின் மரையை இன்னொன்றின் மரையில் பதித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிக் காட்டினார். முதல் இரண்டு பல் சேர்ந்தது. மூன்றாவதில் இடுக்கு தெரிந்தது. ஐந்தாவதில் ஒன்றின் மேடு இன்னொன்றின் மேட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

டப்பாவில் இருந்தது ஹார்டுவேர் கடைகளில் 'ரெண்டரை நூல்' என்று கேட்டு வாங்கும் போல்ட். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ரெண்டரை நூல் என்றால் 5/16 அங்குலம், 7.94 மி.மீ. வண்டியில் இருப்பது மெட்ரிக் எம்8, அதாவது 8 மி.மீ. தடிமனில் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். மரையோ வேறு குடும்பம். எம்8 போல்ட்டின் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு உள்ள தூரம், மெக்கானிக்குகள் பிட்ச் என்று சொல்வது, 1.25 மி.மீ. ரெண்டரை நூல் போல்ட்டில் இருப்பது விட்வொர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் மரை, அங்குலத்துக்கு 18. அப்படியானால் பிட்ச் 1.41 மி.மீ. ஒரு சுற்றுக்கு 0.16 மி.மீ. பிசகு. ஐந்து சுற்றில் 0.8 மி.மீ. ஆகிவிடும். பையன் ஸ்பேனர் வைத்து அழுத்தியிருந்தால் போல்ட் உள்ளே போயிருக்கும். எஃகு கடினம், அலுமினியம் மென்மை. ஃபோர்க்கின் நல்ல மரையை அரைத்துத் தனக்கென்று புதிதாக ஒரு வழி வெட்டிக்கொண்டு போயிருக்கும். தொலைந்தது ஒரு போல்ட். அதோடு ஒரு ஃபோர்க்கும் சேர்ந்து போயிருக்கும்.

காணாமல் போன போல்ட்டுக்கு மாற்றுத் தேடும்போது நமக்கு நம்பகமான சாட்சிகள் இரண்டு. ஒன்று, அதன் ஜோடி. மோட்டார் சைக்கிளில் பெரும்பாலான போல்ட்டுகளுக்கு இடமோ வலமோ மேலோ கீழோ ஒரு ஜோடி உண்டு. இன்னொன்று, அந்தக் காலி ஓட்டையே. அதன் உள்வாயை அளந்தால் மரையின் அடிவிட்டம் கிடைக்கும்: எம்6-க்குச் சுமார் 5 மி.மீ., எம்8-க்கு 6.7 முதல் 6.9, எம்10-க்கு எட்டரையை ஒட்டி. மெல்லிய மரக்குச்சியை உட்சுவரில் அழுத்திச் சாய்த்து எடுத்தால் மரை அதில் பதிந்திருக்கும். பத்துத் தடம் எத்தனை மி.மீ. நீளம் என்று அளந்து பத்தால் வகுத்தால் பிட்ச் வந்துவிடும். ஒரே ஒரு தடத்தை அளந்தால் கை நடுக்கமே அளவைக் கெடுத்துவிடும். பத்தை அளந்தால் பிழை பத்தில் ஒன்றாகக் குறையும். அதே குச்சியை நேராக விட்டால் ஓட்டையின் ஆழமும் தெரியும்.

நம் பட்டறைகளின் பேச்சுவழக்கில் ஒரு குழப்பம் இருக்கிறது. கடையில் போய் நிற்பதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. மெக்கானிக் 'பன்னிரண்டு நம்பர் போல்ட்' என்றால் அதன் தலைக்கு 12 மி.மீ. ஸ்பேனர் போடும் என்று பொருள். போல்ட்டின் தடிமன் 8 மி.மீ.தான். போல்ட் தயாரிப்பவரின் பட்டியலில் எம்12 என்றால் தடிமனே 12. ஜப்பானிய மரபில் வந்த வண்டிகளில் எம்6-க்கு 10, எம்8-க்கு 12, எம்10-க்கு 14 என்று ஸ்பேனர் வரும். பொதுவான ஹார்டுவேர் எம்8-க்குத் தலை 13. தலை மாறினாலும் மரை ஒன்றாகவே இருக்கலாம். தலை ஒன்றாக இருந்தும் மரை மாறலாம். எம்10-இல் இந்த ஆபத்து அதிகம். மோட்டார் சைக்கிள்களில் எம்10 பெரும்பாலும் 1.25 பிட்ச் கொண்ட நுண்மரை. கடையில் கேட்டவுடன் எடுத்துத் தருவது 1.5 பிட்ச். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பல யமஹா வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடியின் மரை எதிர்ச்சுற்று. அங்கே வழக்கமான போல்ட்டை வைத்து மல்லுக்கட்டினால் மரைதான் நாசமாகும்.

இத்தனை வகை எப்படி வந்தது? 1841 வரை பிரிட்டனில் ஒவ்வொரு பட்டறையும் தன் மரையைத் தானே வெட்டிக்கொண்டது. ஒரு பட்டறையின் நட் இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. அந்த ஆண்டு ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டி, சராசரி பார்த்து, 55 பாகைக் கோணத்தில் ஒரு பொது மரையை முன்வைத்தார். நாடு முழுதும் ஒரே மரை என்ற எண்ணத்துக்கு அடிப்படை போட்டவர் அவர்தான். 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைதான் வெட்டுவதற்கும் சரிபார்ப்பதற்கும் எளிது என்று வேறொரு மரையைக் கொண்டுவந்தார். ஐரோப்பா 1898-இல் ஜூரிச் மாநாட்டில் கூடி மில்லிமீட்டர் மரைக்கு ஒழுங்கு செய்தது. இன்று உலகெங்கும் வண்டிகளில் ஓடும் எம்6, எம்8 எல்லாம் 60 பாகைக் கோணத்தில் அமைந்த அந்த வழியின் வாரிசுகள்.

இதற்கிடையே பிரிட்டனின் சைக்கிள் பொறியாளர்கள் தங்களுக்கென்று தனி மரை வைத்துக்கொண்டார்கள்: பெரும்பாலான அளவுகளுக்கு அங்குலத்துக்கு 26. சைக்கிளிலிருந்து பிறந்தது மோட்டார் சைக்கிள். மரையும் கூடவே வந்தது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது புல்லட்டோடு இந்த பிரிட்டிஷ் மரைகளும் கப்பலேறி வந்து சேர்ந்தன. பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியாக அடையாளம் காண வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம். அந்தக் காலத்து விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண்கூடத் தலையின் அகலத்தைச் சொல்வதில்லை, போல்ட்டின் தடிமனைச் சொல்கிறது.

பழைய வண்டிகளில் ஒரு மோசமான பொறி ஒளிந்திருக்கிறது. அங்குலத்துக்கு 26 மரை என்றால் பிட்ச் 0.977 மி.மீ. எம்6 போல்ட்டின் பிட்ச் 1 மி.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இரண்டு நூல், அதாவது கால் அங்குல, 26 மரை ஓட்டையில் எம்6 போல்ட் வழுக்கிக்கொண்டு கடைசிவரை போகும். எங்கும் சிக்காது. 'அருமையாகப் பொருந்துகிறது' என்று தோன்றும். ஆனால் கால் அங்குலம் 6.35 மி.மீ.; எம்6 வெறும் 6. ஒவ்வொரு பக்கமும் 0.175 மி.மீ. இடைவெளி. மரையின் பல்லே அரை மி.மீ. உயரம்தான் என்பதால், ஒன்றையொன்று பற்றும் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. இறுக்கும்போது மரை உரிந்து வந்துவிடும். பட்டறைக்காரர் பையனிடம் சொன்னது இதற்கும் பொருந்தும்: இறுகி நிற்பதும் சாட்சியில்லை, வழுக்கிப் போவதும் சாட்சியில்லை. ஆட்டிப் பார்த்து, அளந்துதான் சொல்ல வேண்டும்.

விட்டமும் பிட்ச்சும் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீளத்தைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அலுமினியத்துக்குள் போல்ட் தன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இறங்கியிருக்க வேண்டும். எம்8 என்றால் 12 மி.மீ. குட்டை போல்ட் நான்கு மரையை மட்டும் பற்றிக்கொண்டு, ஒரு நாள் அவற்றையும் உரித்துக்கொண்டு வெளியே வரும். நெட்டை போல்ட் செய்யும் கேடு வேறு. அடிப்பக்கம் அடைபட்ட ஓட்டையின் தரையில் முட்டி நின்றுவிடும். ஸ்பேனருக்கு இறுகியதுபோல் இருக்கும். பாகத்தை மட்டும் கவ்வியிருக்காது. காலிப்பரில் என்றால் மறுபக்கம் நீட்டி, சுற்றும் டிஸ்க்கையே உரசக்கூடும்.

இனி வலிமை. இங்கேதான் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு போல்ட்டுகள் அடியோடு வேறுபடுகின்றன.

ஆணி மரத்தைத் துளைத்து நிற்கிறது. போல்ட்டை நாம் மரை போட்ட ஆணி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அதன் உடல் இழுபட்டு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்த விசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து நெருக்குகிறது. தலையில் 8.8 என்று பொறித்திருக்கும் போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எட்டு, ஒரு சதுர மி.மீ. குறுக்குவெட்டு 800 நியூட்டன் தாங்கித்தான் அறும் என்கிறது. புள்ளிக்குப் பின்னுள்ள எட்டு, அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை, அதாவது 640 வரை, இழுத்துவிட்டால் மறுபடி பழைய நீளத்துக்கு வந்துவிடும் என்கிறது. எம்8 போல்ட்டின் குறுக்குவெட்டுப் பரப்பு 36.6 சதுர மி.மீ. சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கினால் அதற்குள் ஏறத்தாழ 16,000 நியூட்டன் இழுவிசை பிறக்கும். பத்து மோட்டார் சைக்கிள்களை அதில் கட்டித் தொங்கவிட்டதுபோல. அத்தனைக்கும் அது நீள்வது எவ்வளவு? 30 மி.மீ. நீள உடலில் 0.06 மி.மீ., ஒரு தலைமுடியின் தடிமன். வண்டியின் பாகங்களெல்லாம் அந்த முடியளவு நீட்சியில்தான் சேர்ந்து நிற்கின்றன என்று முதன்முறை கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

கணக்கைக் காலிப்பருக்குக் கொண்டுவருவோம். அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது தரையில் முன்சக்கரத்தைத் தடுக்கும் விசை 1,500 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் ஆரம் 30 செ.மீ.; டிஸ்க்கை பேட் பிடிக்கும் ஆரம் 11 செ.மீ. நெம்புகோல் விதிப்படி காலிப்பர்மேல் விழுவது 4,000 நியூட்டனுக்குச் சற்று மேல். இதைத் தாங்குவது யார்? போல்ட்டின் பக்கவாட்டு உடல் என்றுதான் நினைக்கத் தோன்றும். நன்றாக இறுகிய மூட்டில் அதைத் தாங்குவது, நெருக்கப்பட்ட இரண்டு முகங்களுக்கு நடுவே உள்ள உராய்வு. உராய்வுக் கெழு 0.15 என்றால் ஒரு போல்ட்டின் 16,000 நியூட்டன் நெருக்கம் 2,400 நியூட்டன் வழுக்கலைத் தடுக்கும். இரண்டு போல்ட்டுகள் 4,800. போதும், மிச்சமும் இருக்கிறது.

ஒரு போல்ட் போய்விட்டால் 2,400-தான். காலிப்பர் எஞ்சிய போல்ட்டை அச்சாகக் கொண்டு அசையும். நான் கேட்ட 'டக்' அதுதான். சரி, போன இடத்தில் அளவு சரியான, ஆனால் தலையில் எந்த எண்ணும் இல்லாத சாதாரண எம்8 போல்ட்டைப் போட்டால்? அத்தகைய மென்போல்ட் பெரும்பாலும் 4.6 தரம். 8,800 நியூட்டனிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். அந்த விளிம்புவரை இறுக்கினாலும் அது தரும் உராய்வு 1,300-ஐ ஒட்டித்தான். நல்ல போல்ட்டின் 2,400-ஐயும் சேர்த்தால் 3,700. தேவை 4,000. ஓட்டை நிறைந்திருக்கும், பார்க்க முழுமையாக இருக்கும், அவசரமாகப் பிரேக் பிடிக்கும் அந்த ஒரு நொடியில் காலிப்பர் நழுவும்.

துருப்பிடிக்காது, பளபளக்கும் என்று ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளை விரும்பிப் போடுகிறார்கள். பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 வகை சதுர மி.மீ.க்கு 450 நியூட்டனிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும், 8.8-க்கு அது 640. போதாததற்கு, அலுமினியத்தோடு சேர்ந்து மழையில் நனைந்தால் மின்வேதி அரிப்பில் அலுமினியம் கரைந்து மரை பிடித்துக்கொள்ளும். நம்பர் பிளேட்டுக்கும் மட்கார்டுக்கும் போடுங்கள், பிரேக்குக்கு வேண்டாம். அப்படியானால் கிடைப்பதிலேயே கடினமான 12.9 போட்டுவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கடினம் கூடக்கூட எஃகு நொறுங்கும் குணமும் கூடுகிறது. மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளே புகுந்துவிட்டால், இறுக்கி வைத்த போல்ட் சில மணி நேரத்திலோ சில நாளிலோ தானாகவே முறியலாம். வண்டியை வடிவமைத்தவர் என்ன தரம் போட்டாரோ அதுதான் சரியான தரம்.

லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாமே என்ற யோசனையும் வரும். நம் ஊர் லேத் தொழிலாளர்களின் கைத்திறன்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. கிடைக்கவே கிடைக்காத பழைய மரைகளை அவர்கள்தான் உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் தொழிற்சாலைப் போல்ட்டின் மரை வெட்டப்படுவதில்லை; உருளைகளுக்கு நடுவே அழுத்தி உருட்டப்படுகிறது. எஃகின் இழைகள் அறுபடாமல் மேடு பள்ளத்தோடு வளைந்து போகின்றன. லேத்தில் வெட்டும்போது அந்த இழைகள் ஒவ்வொரு பள்ளத்திலும் அறுபடுகின்றன. ஆயிரக்கணக்கான அதிர்வுகளுக்குப் பிறகு விரிசல் பிறப்பது அங்கேதான். டூல்பாக்ஸ் மூடிக்கும் சைலன்ஸர் கவருக்கும் லேத் போல்ட் நன்றாக உழைக்கும். பிரேக், அச்சு, ஹேண்டில் பார் ஆகிய மூன்றுக்கும் தொழிற்சாலைப் போல்ட்தான்.

சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. உடைத்த வண்டிகளின் போல்ட்டுகள் குவியலாகக் கிடைக்கும். அங்கே எடுத்தால் ஒரு புது நட்டைக் கையால் திருகி மரை முழுதும் ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகினால் அந்த போல்ட் முன்பே இழுபட்டு நீண்டுவிட்டது என்று பொருள். கம்பெனி பாகமே கேட்பதாக இருந்தால் பாக எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். ஹோண்டாவில் 95701-06020 என்றால் 6 மி.மீ. தடிமன், 20 மி.மீ. நீளம், எண்ணிலேயே அளவு இருக்கிறது. இத்தகைய பொது போல்ட்டை அதே தரத்தில் வெளியேயும் வாங்கலாம். எண் 90-இல் தொடங்கினால் அந்த இடத்துக்கென்றே செய்த தனி போல்ட். அதற்கு வெளிக்கடையில் மாற்றுத் தேடுவது வீண்.

அன்று பட்டறைக்காரர் பையனை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அனுப்பினார். "ரெண்டு வாங்கிட்டு வா" என்றார்.

"ஒண்ணுதானே அண்ணே போச்சு?" என்றேன்.

"மூணு நாளா ரெண்டு பேர் வேலைய ஒருத்தன் பாத்திருக்கான் தம்பி. அவனையும் மாத்திடுவோம்."

அவர் சொன்னது முற்றிலும் சரி. நெருக்கம் போதுமானதாக இருக்கும்வரை போல்ட்டுக்குத் தெரியும் இழுவிசை பெரிதாக ஏறி இறங்காது. மூட்டு அசையத் தொடங்கினால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அது வளைந்து நிமிர்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே களைப்பு சேரும். போல்ட்டுகள் ஏன் கழல்கின்றன என்பதற்கும் அந்த அசைவுதான் விடை. ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் ஜுங்கர் 1969-இல் இதைச் சோதனையில் காட்டினார்: போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, பாகங்கள் பக்கவாட்டில் வழுக்குவதுதான் அதை வேகமாகக் கழற்றுகிறது. வழுக்கும் கணத்தில் மரையின் உராய்வுப் பிடி விட்டுப்போகிறது. சரிவான மரையில் போல்ட் பின்னோக்கிச் சுற்றிக்கொள்கிறது. நாம் பெரிதாக நம்பும் ஸ்பிரிங் வாஷர் இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

புது போல்ட்டுகள் வந்தன. பட்டறைக்காரர் ஓட்டையைப் பெட்ரோலில் துடைத்துக் காயவிட்டார். மரையில் நீலநிற லாக் திரவம் ஒரு சொட்டு. காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாக இருந்து, போல்ட்டின் மரைக்கும் ஓட்டையின் மரைக்கும் நடுவே காற்றில்லாமல் அடைபட்டதும் கெட்டியாகும் பொருள் அது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டாது. இரண்டையும் விரலாலேயே கடைசிவரை திருகினார். விரலுக்கு வழிவிடாத போல்ட்டுக்கு ஸ்பேனர் வைக்க மாட்டாராம். பிறகுதான் டார்க் ரெஞ்ச். போல்ட்டை இறுக்க நாம் செலவிடும் விசையில் பத்தில் ஒன்பது பங்கு தலையடியிலும் மரையிலும் உராய்வாகவே போகிறது, பத்தில் ஒன்றுதான் நீட்சியாகிறது. எண்ணெய் பட்ட மரைக்கும் காய்ந்த மரைக்கும் கை ஒரே மாதிரி உணர்ந்தாலும் உள்ளே இருக்கும் இழுவிசை வேறு. கையளவுக் கணக்கு பிரேக்குக்கு உதவாது.

கடைசியில் வெள்ளை பெயின்ட்டால் போல்ட் தலையிலிருந்து காலிப்பர்மேல் வரை ஒரு கோடு இழுத்தார். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். டயர் மாற்றிய பிறகோ, பிரேக் வேலை முடிந்த பிறகோ, வண்டியை எடுக்கும் முன் காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் நீங்களே விரல் வைத்துப் பாருங்கள். முடிந்தால் அந்த வெள்ளைக் கோட்டையும் போடச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று இல்லையென்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.